அடைத்த கதவும் அழைக்கும் குரலும்

வாயிலில் ஒருவர் வந்து நின்று குரல் கொடுத்தால் உள்ளிருப்போர் விடை கூறவேண்டுமா, வேண்டாமா என்பது நம் பாட்டனார் காலத்தில் ஒரு வினாவாகவே எழுந்திராது. இன்று அஃது எழுந்துளது. நம் மாணவ நண்பர் பலர், "முன்னறிவிப்பின்றி வருபவருக்கு யான் ஏன் கதவைத் திறத்தல் வேண்டும்? கையிலே தொலைபேசி இருக்கின்றதே, கேட்டுக்கொண்டு வரலாகாதோ?" என்று வாதிக்கின்றனர். வாதிப்பதோடு அமையாது அதனைச் செயலிலும் காட்டுகின்றனர். அழைப்புமணி ஒலித்தவுடனே மின்விசிறியை நிறுத்தி, தொலைக்காட்சியின் ஒலியை அவித்து, ஏறக்குறைய மூச்சையும் அடக்கி, வந்தவர் படியிறங்கும் ஓசை செவியிற் படுமளவும் வீட்டில் ஆளில்லாதது போலக் காட்டும் ஒரு வித்தை இக்காலத்து இல்லங்கள் பலவற்றிற் பயிலப்பட்டு வருகின்றது. அதனை இளைஞர் மாத்திரமே பயில்கின்றனர் என்று கூறின், பெரியோர்பால் நாம் ஓரஞ் சொன்னவராவோம்.

இவ்வாறு செய்வோரை உடனே பண்பிலார் என்று இகழ்ந்துவிடுதல் எளிது, நியாயமன்று. வீடு என்பது ஒருவன் களைத்திருக்கவும், நோயுற்றுக் கிடக்கவும், தலைவாராது திரியவும், யாருக்கும் முகமன் கூறாது சும்மா இருக்கவும் உரிமை பெற்ற இடம். இவ்வுரிமை சோம்பேறிகள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தில் 1604-ஆம் ஆண்டிலே செமெய்ன் என்பவரது வழக்கில், ஒவ்வொருவனுக்கும் அவன் வீடே கோட்டை என்றும், அரசனுடைய ஏவலாளரேயாயினும் தாம் வந்த காரியத்தைச் சொல்லிக் கதவைத் திறக்குமாறு கேளாமல் உடைத்துப் புகலாகாது என்றும் நீதிபதிகள் முடிவு கூறினர். நம் நாட்டிலும் இப்பொருள்பற்றி ஒரு வழக்கு நடந்தது. மாணவர் அதனை அறிந்திருத்தல் நலம். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளைக் குற்றஞ் சாட்டப்பெற்றுச் சான்றின்மையால் விடுவிக்கப்பட்டவர். விடுவித்த பின்னரும் காவலர் அவரை விட்டாரிலர். இரவு வேளைகளில் அவர் வாயிலில் வந்து கதவைத் தட்டுவதும், கூவி எழுப்புவதும், உட்புகுந்து பார்ப்பதுமாக இருந்தனர். இவ்வாறு இரவில் ஒருவன் துயிலைக் கெடுத்து வீடு புகும் அதிகாரத்தை அளித்த விதி செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1962-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி இராஜகோபால ஐயங்கார். அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று கொள்ள அன்று தயங்கிய அம்மன்றமே, 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-இல், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து ஒருமுகமாக அதனை ஒப்புக்கொண்டது. ஆகவே, கதவை அடைத்திருக்கும் உரிமை நமக்கு உண்டு. அதனை ஐயுறுவார் இலர்.

ஆனால் உரிமை உண்டு என்ற அளவிலே வினா முடிந்துவிடுகின்றதா? இல்லை, அங்கேதான் தொடங்குகின்றது.

நம் மொழியிற் 'விருந்து' என்னும் சொல்லுக்கு முதற்பொருள் புதுமை என்பதாம். இலக்கணம் கற்ற மாணவர் தொல்காப்பியச் செய்யுளியலில் அச்சொல் புதியதாய்த் தொடுக்கப்படும் நூலைக் குறித்து வருதலை அறிவர். மனிதரைக் குறிக்குங்காலும் அது புதியராய் வந்தாரையே குறித்தது. சுற்றத்தாரை நம் முன்னோர் 'ஒக்கல்' என வேறு பெயரால் வழங்கினர். வள்ளுவரும் இல்வாழ்வான் ஓம்பவேண்டியவர்களைக் கூறுமிடத்து விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியே வைத்தார். வடமொழியில் 'அதிதி' என்னும் சொல்லுக்கும், வருநாள் குறியாது வருபவன் என்று பொருள் சொல்லுதல் மரபு. இன்று நாம் பத்து நாட்களுக்கு முன்னரே நாளும் நேரமும் குறித்து, உண்பார் தொகையும் எண்ணி, அழைப்பிதழ் அனுப்பி நடத்துவதை விருந்து என்கின்றோம். சொல்லின் பொருள் தலைகீழாகப் புரண்டுவிட்டது. சொல்லிக்கொண்டு வருபவர் விருந்தினர், சொல்லாமல் வருபவர் தொல்லை என்றாயிற்று!

குறுந்தொகையின் 118-ஆம் செய்யுளிலே நன்னாகையார் என்னும் புலவர் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகின்றார். இரவில் வாயிற்கதவை அடைக்குமுன், உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரோ என்று உரக்க வினவிய பின்னரே அடைப்பர். அச்செய்யுளின் உயிர், தான் எதிர்பார்த்த தலைவன் அவ்வாறு வந்தாருள் இல்லையே என்னும் தலைவியின் துயரம், அது நிற்க. உள்ளிருப்பவர் வெளியே நிற்பவரைத் தேடி வினவினர் என்பதே நாம் கருதற்பாலது. வெளியே நிற்பவர் மும்முறை மணி அடித்தும் உள்ளிருந்து ஓசை எழாத இக்காலத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

இவ்வாறு பழைமையைப் புகழ்ந்து கட்டுரையை முடித்துவிடலாம். நம் சஞ்சிகைப் பக்கங்களில் அவ்வாறு முடிந்த கட்டுரைகள் பல. ஆயின் பழைய நூல்களே அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை. தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரை எடுத்துக்கொள்வோம். அவ்வூரில் இருவேறு வாயில்களின் கதை வழங்குகின்றது.

முதலாவது, சேக்கிழார் பாடிய மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. அவரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் என்னும் பகைவன், திருநீறு பூசி, சடை முடித்து, ஏட்டுச்சுவடிக் கட்டினுள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு அரண்மனை வாயிலை அடைந்தான். வேடத்தைக் கண்டு வாயில்கள் யாவும் திறந்தன. இறுதி வாயிலிலே நின்ற தத்தன் என்னும் காவலன் மட்டும், அரசர் துயில்கின்றார், சமயமறிந்து செல்லவேண்டும் என்று தடுத்தான். வந்தவன் கேட்டானில்லை, ஆகமம் உபதேசிக்க வந்தேன் என்று சொல்லி உட்புகுந்தான். நாயனார் எழுந்து வணங்கினார். அவன் எண்ணியதை முடித்தான். வீழும் வேளையிலும், ஓடிவந்து வெட்டப்புகுந்த தத்தனைத் தடுத்து, அப்பகைவனை ஊர் எல்லைவரை ஊறின்றிக் கொண்டுபோய் விட்டுவருமாறு பணித்தார் அவ்வரசர்.

மற்றொன்று, வைணவர் போற்றும் முதலாழ்வார் மூவர் வரலாறு. பெருமழை பெய்த ஓர் இரவிலே பொய்கையாழ்வார் அவ்வூரில் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடங் கேட்டார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் இருக்கலாமே என்று பொய்கையார் எழுந்து அமர்ந்தார். பின்னர்ப் பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கும் இடத்தில் மூவர் நிற்கலாமே என்று மூவரும் நின்றனர். நான்காமவர் ஒருவரும் வந்து நெருக்குதலை உணர்ந்து, அவர் யாரென்று காண விளக்கேற்றுவார்போன்று மூன்று திருவந்தாதிகளைப் பாடினர் என்பர். நூறு நூறு பாடலாக அவை நாலாயிரத்துள் இடம்பெற்று நிற்கின்றன. பொய்கையார் அவ்வீட்டுக்கு உடையவரும் அல்லர். தாமே ஒதுங்க வந்தவர். உடையவரல்லாதார்க்கும் இடங்கொடுக்கும் கடமை உண்டு என்பது இதனாற் பெறப்படும். விடுதி அறைகளில் இருவர்க்குரிய இடத்தில் மூன்றாமவரைப் பொறுக்கமாட்டாது முணுமுணுக்கும் நண்பர்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

ஒரே ஊரில் ஒரு வாயில் வழியே கொலை புகுந்தது. மற்றொரு வாயில் வழியே தமிழ் புகுந்தது. எவர் எதனைக் கொண்டுவருகின்றார் என்பதைத் தட்டும் ஓசையால் அறிய முடியாது. இதுவே நம் வினாவின் உண்மையான இடுக்கண். ஆதலின் 'எல்லார்க்கும் திற' என்பாரும் 'எவர்க்கும் திறவாதே' என்பாரும் ஒருங்கே எளிய வழியைத் தேடுகின்றனர் என்றே நாம் கருதுகின்றோம். தத்தன் செய்ததைப் பாருங்கள். அவன் முத்தநாதனுக்கு விடை கூறாமல் ஒளிந்துகொண்டானில்லை. எதிரே நின்றான்; பேசினான்; இப்போது சமயமன்று என்று காரணமுங் கூறினான். நாயனாரின் அன்பைச் சேக்கிழார் பாடினார். அவ்வன்பு நம்மனோர்க்கு எட்டுவதன்று. தத்தனுடைய மரியாதையான மறுப்போ நாம் ஒவ்வொருவரும் கைக்கொள்ளத்தக்கது.

விடை கூறுதல் வேறு, கதவைத் திறத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதனால்தான் இத்தனை வாதமும். லூக்கா சுவிசேஷத்தின் 11-ஆம் அதிகாரத்தில், நள்ளிரவில் மூன்று அப்பம் கடன் கேட்டுச் சிநேகிதன் வீட்டுக்குச் சென்றவனைப்பற்றி ஓர் உவமை வருகின்றது. அதனை இடைவிடாது கேட்டலின் சிறப்பை விளக்குவதற்கே போதகர்கள் எடுத்தாளுவர். நாம் வேறொன்றைச் சுட்டுகின்றோம். உள்ளிருந்த சிநேகிதன் எழ மனமில்லாதவன். கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் படுத்துவிட்டனர் என்று சாக்குச் சொல்லுகின்றான். ஆயினும் சொல்லுகின்றான்! படுக்கையிற் கிடந்தவாறே மறுமொழி கொடுக்கின்றான். அவனிடத்துள்ள அந்த அளவு மரியாதைகூட, விளக்கை அணைத்து ஊமையாய் அமர்ந்திருப்பவரிடத்து இல்லை. 'யார்?' என்று ஒரு சொல். 'இப்போது இயலாது, நாளை வருக' என்று மற்றொரு சொல். இவற்றால் நம் ஓய்வு கெடப்போவதில்லை. வந்தவரோ தாம் ஒரு மனிதராக மதிக்கப்பட்டோம் என்ற எண்ணத்தோடு திரும்புவர். ஆளிருந்தும் இல்லாததுபோல் நடிப்பது ஒரு பொய். வாயால் கூறாமையால் அது பொய்யன்று என்று ஆகிவிடாது. அதனையும் பெரும்பாலும் குழந்தைகளை உடன்வைத்துக்கொண்டே செய்கின்றோம். அவர்கள் வாயில் விரல்வைத்து அமைதியாயிருக்கக் கற்றுக்கொள்கின்றனர்; வேறு பலவும் உடன் கற்றுக்கொள்கின்றனர்.

திறப்பது குறித்தோ எச்சரிக்கை மிகவும் வேண்டும். நகைக்கு மெருகிட்டுத் தருகின்றோம் என்று பகற்பொழுதிலே வரும் கூட்டத்தாரை நம் நாட்டில் அறியாதார் இலர். முதலில் பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளவென்று துலக்கிக் காட்டி நம்பிக்கை பெறுவர். பின்னர்ச் சங்கிலியை வாங்கி ஒரு நீர்மத்தில் ஆழ்த்துவர். பொன்னையும் கரைக்கும் இராஜ திராவகம் என்பது நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்தது என்று நம் இரசாயன மாணவர் சோதனைச் சாலையில் கற்பர். தனித்திருக்கும் மூதாட்டியரோ தம் சங்கிலி எடை குறைந்து திரும்புவதனாற் கற்பர். தண்ணீர் கேட்டு நின்று, உள்ளே திரும்பியவுடன் பின்தொடர்பவரும் உளர். எரிவாயு அடுப்பைச் சோதிக்க வந்தோம் என்பாரும் உளர். இத்தகையோர் இருத்தலால் முதியோர் கதவைத் திறவாதிருத்தலில் ஒரு குற்றமும் இல்லை. கம்பிக் கதவு பூட்டியிருக்க உட்கதவை மட்டுந் திறந்து பேசுக; அடையாளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க; ஐயம் நேரின் அண்டை வீட்டாரைக் கூவி அழைக்க. உண்மையாகவே அலுவல்மேல் வந்தவர் இதற்குச் சினங்கொள்ளார். சினங்கொள்வாராயின் அதுவே போதிய சான்று.

அரசு அலுவலர்க்கும் சட்டம் இம்முறையையே வகுத்துளது. 1948-ஆம் ஆண்டின் மக்கட்கணக்கெடுப்புச் சட்டம், கணக்கெடுக்க வருவாரை நாட்டு வழக்கத்துக்குப் பொருந்தும் அளவில் வீட்டினுள் விடவேண்டும் என்கின்றது. நாட்டு வழக்கம் என்ற சொல்லைச் சட்டமியற்றியோர் மறவாது வைத்தமை போற்றத்தக்கது.

வழக்கம் என்றதும் நினைவுக்கு வருவது திண்ணை. அதன் பெருமையைப் பலரும் பலபடப் பேசியுள்ளனர். வழிப்போக்கர் படுத்துறங்கியதும் ஆசிரியர் பாடஞ் சொன்னதும் யாவரும் அறிந்தவை. நாம் கருதுவது அதன் நுட்பத்தை. திண்ணை வீட்டுக்கு உள்ளும் அன்று, புறமும் அன்று. வந்தவரை உள்ளே விடாமலே உபசரிக்க அஃது இடந்தந்தது. அவர் யார், எவ்வூர், என்ன கருதி வந்தார் என்று விசாரித்தறியும் கால அவகாசத்தையும் தந்தது. அதன்பின் இடைகழி, அதன்பின் முற்றமும் தாழ்வாரமும், அதற்கும் அப்பால் அடுக்களை. ஒவ்வொரு படியாக நம்பிக்கை வளர வளர வந்தவரும் உள்ளே வளர்ந்தார். இன்றைய அடுக்குமாடி வீட்டிலே இவையெல்லாம் ஒன்றரை அங்குல மரப்பலகையாகச் சுருங்கிவிட்டன. அப்பலகைக்கு அப்பால் தெரு. இப்பால் படுக்கையறையே தெரிகின்றது. திறந்தால் முழுதும் திறக்கவேண்டும், இன்றேல் முழுதும் அடைக்கவேண்டும். இளைஞர் அஞ்சுவதில் வியப்பென்னை? பண்பு குறைந்தது என்று நாம் சொல்லுவதிற் பாதி, கட்டடம் குறுகியதன் விளைவு.

எனினும் திண்ணையைப் புகழ்வோர் கூறாது விடுவதொன்றுண்டு. அத்திண்ணையில் எல்லாரும் ஏறினாரில்லை. அவ்வீட்டு வயலில் உழுதவரும், அவ்வீட்டுக்கு நெல் குற்றியவரும் தெருவிலோ கொல்லைப்புறத்திலோ நின்று கூவினர். சில தெருக்களில் நுழையவும் அஞ்சினர். வழிப்போக்கன் திண்ணையிற் படுக்குமுன் அவன் குலம் விசாரிக்கப்பட்டது. அன்றியும் 'உள்ளே வாருங்கள்' என்று முகமலர்ந்து உரைத்தவர் வீட்டுத் தலைவர். அடுப்பை மீண்டும் மூட்டியவர் அவர் மனைவியார். வந்தவர் தொகையை எண்ணிச் சோறு போதாமையைத் தம் வயிற்றால் ஈடுசெய்த அவ்வம்மையார்களை எவரும் கருத்துக் கேட்டதில்லை. முன்னறிவிப்பு வேண்டும் என்று இக்காலத்து மகளிர் கூறின், அதனைப் பண்பின்மை என்று நாம் கொள்ளமாட்டோம்.

குலம் விசாரிக்கும் வழக்கமோ ஒழிந்ததென்று எண்ணற்க. வாடகை வீடு தேடிச் செல்லும் நம் மாணவர் சிலரைக் கேளுங்கள். கதவு புன்னகையோடு திறக்கின்றது, பெயர் கேட்கப்படுகின்றது, ஊர் கேட்கப்படுகின்றது, என்ன உண்பீர் என்று கேட்கப்படுகின்றது, பிறகு, நேற்றுத்தான் வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்ற விடை வருகின்றது. அடைத்த கதவைக் காட்டிலும் இவ்வாறு திறந்த கதவு கொடியது.

உணவும் பொருளும் கொண்டுவரும் இளைஞர்பாலும் நம் கருத்துச் செல்லவேண்டும். நாம் வரவழைத்து, நமக்காக மூன்று மாடி ஏறிவந்து நிற்பவரை 'எதிர்பாராது வந்தவர்' என்று சொல்லவும் இயலாது. ஆயினும் பல மாளிகைகளில் அவருக்கு மின்தூக்கி மறுக்கப்படுகின்றது. கதவு கையளவு திறந்து பொதியை வாங்கி மூடிக்கொள்ளுகின்றது. அவருள் நம்மோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பவரும் இருத்தல் கூடும். வாயிலில் அமர்ந்துள்ள காவலாளி நிலையும் இதனிற் சிறந்ததன்று. விடாவிட்டால் வந்தவர் ஏசுவர்; விட்டுவிட்டால் வீட்டார் ஏசுவர். அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது ஔவையார் தம் சினத்தைப் புறநானூற்றிலே வாயில்காவலனை விளித்தே பாடினார். அரசன் செய்த பிழைக்கு வாயிலோன் செவி சாய்க்கவேண்டியதாயிற்று. அன்றுதொட்டு இன்றுகாறும் அத்தொழிலின் இயல்பு அது போலும்.

தட்டிய கைகள் செய்த நன்மை ஒன்றையும் கூறல் வேண்டும். இந்நாட்டில் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கச் சொட்டுமருந்து இயக்கத்தார் வீடுவீடாகச் சென்றனர். மருந்து கொடுக்கப்பட்ட வீட்டுச் சுவரில் ஆங்கிலப் 'பி' என்னும் எழுத்தையும், பூட்டியிருந்த வீடு, மறுத்த வீடு, குழந்தை விடுபட்ட வீடு ஆகியவற்றின் சுவரில் 'எக்ஸ்' என்னும் எழுத்தையும் எழுதிச் சென்றனர். 'எக்ஸ்' எழுதிய வாயில்களுக்கு மீண்டும் சென்றனர். ஒரு முறை திறவாத கதவை அவர்கள் திறவாத கதவென்று விட்டுவிடவில்லை. 2011-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் மேற்கு வங்காளத்து ஹௌராப் பகுதியில் நோயுற்ற ஒரு சிறுமியோடு இந்நாட்டில் அந்நோய் நின்றது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-இல் அது நீங்கிய நாடாக நம் தேசம் சான்று பெற்றது. இவர்களுள் ஒருவரும் நம் தொலைபேசிக்கு முன்னரே செய்தி அனுப்பிவிட்டு வந்தவர் அல்லர்.

வந்தவர் வேண்டாதவராயிருப்பதைவிட, அவர் துன்பத்தில் இருத்தலே நாம் பெரிதும் அஞ்சவேண்டுவது. அடுத்த வீட்டில் மூச்சுத் திணறும் முதியவர், கணவன் அடிக்கு அஞ்சி ஓடிவந்த பெண், வழி தவறிய சிறுவன் ஆகிய இவர்கள் நேரம் குறித்துக்கொண்டு வரமாட்டார்கள். ஊமையாய் அமர்ந்திருப்பவருக்கு விற்பனைக்காரர் தட்டலும் இவர்கள் தட்டலும் ஒன்றே. குரல் கொடுத்தவருக்குத்தான் வேறுபாடு தெரியும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் வீடு கட்டும் தொழிலில் உள்ளவர் இருப்பர். அவர்க்கு ஒரு விண்ணப்பம். வரைபடம் எழுதுங்கால் ஒவ்வொரு வாயிற்கதவுக்கும் வெளியே ஆறடி நீளமும் இரண்டடி அகலமுங் கொண்ட ஒரு மேடைக்கு இடம் விடுவாராக. சுவரில் கையெட்டும் உயரத்தில் கம்பியிட்ட ஒரு சிறு பலகணியும் அமைப்பாராக. இடமில்லை, சதுர அடியின் விலை இவ்வளவு என்று அவர்கள் கணக்குக் காட்டக்கூடும். ஆயின் செருப்பு வைக்கும் பெட்டிக்கு ஏறக்குறைய அவ்வளவு இடத்தை ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் எப்படியோ கண்டுபிடித்து விட்டிருக்கின்றனரே!